சாட்சிக் கூண்டுக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீர்ப்பைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ கேட்கவில்லை. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் அந்த நாட்களை எப்படிக் கடப்பது என்றே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர், ஊர், வழக்கு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை, படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, பதில்களில் ‘புதிய நடைமுறைச் சட்டம்’ என்றே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. போக்சோ வழக்கில் அடுத்த மாதம் சாட்சி சொல்ல வரும்படி சம்மன் வந்திருக்கிறது. அந்த ஆளை மறுபடி பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு தினமும் வீட்டில் கேள்வி கேட்டுப் பழக்குங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். ஒவ்வொரு நாளும் அதையே கேட்பது அவளை ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துவதாகும் என்பது ஒரு காரணம். மனப்பாடம் செய்ததுபோல் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் வரும் சாட்சியத்தைப் பார்த்ததும் ‘வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும் என்பது இன்னொரு காரணம். அவள் சொல்லப்போவதைத் தயார் செய்வது உங்கள் வேலை அல்ல. அவள் சொல்லப்போகும் இடத்தைத் தயார் செய்வதுதான் உங்கள் வேலை. அதில் செய்வதற்கு நிறையவே இருக்கிறது.

முதலில் அவளுடைய பயத்துக்கு நேரடியான பதிலைச் சொல்லிவிடுங்கள். போக்சோ சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, சாட்சியம் பதிவு செய்யப்படும்போது குழந்தையின் கண்ணில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், படக்கூடாது. எதிரிக்குச் சாட்சியத்தைக் கேட்கவும் தன் வழக்கறிஞரோடு பேசவும் உரிமை உண்டே தவிர, குழந்தையின் எதிரே நிற்க உரிமை இல்லை. இதற்காகத் திரையோ, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியோ, காணொலி இணைப்போ பயன்படுத்தலாம். 33-ஆவது பிரிவின்படி, அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் தங்கள் கேள்விகளை நீதிபதியிடம்தான் தர வேண்டும். குழந்தையிடம் கேட்பவர் நீதிபதி. குழந்தைக்கு அடிக்கடி இடைவேளை தர வேண்டும். மிரட்டும் தொனியிலோ அவளுடைய ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்தும் விதத்திலோ கேள்விகள் வரவிடக்கூடாது. சாட்சி சொல்வதற்காகத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கக் கூடாது. விசாரணை முழுவதும் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு.

இவையெல்லாம் தானாகவே நடந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். வேலைப்பளு மிகுந்த நீதிமன்றங்களில், கேட்கிறவர்களுக்குத்தான் திரை வருகிறது. சாட்சி நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சிறப்பு அரசு வழக்கறிஞரைப் பார்த்து, உங்கள் மகளுக்கு என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்து, நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூண்டில் ஏறாமல் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது, மாத்திரை சாப்பிடும் நேரம், பள்ளித் தேர்வு நாள் போன்ற சின்ன விஷயங்களையும் அதில் எழுதலாம்.

பல வழக்குகளில் குழந்தை உடைந்துபோகும் இடம் நீதிமன்ற அறையே அல்ல, அதற்கு வெளியே உள்ள வராந்தா. காலை பத்தரை மணிக்கு வந்து, எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல், எதிரியின் அண்ணனும் மாமாவும் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சின் மறுமுனையில் மதியம் வரை காத்திருந்த பிறகு உள்ளே திரை போட்டு என்ன பயன்? நீதிமன்றப் பணியாளரான டவாலி வெளியே வந்து குழந்தையின் பெயரை உரக்க அழைத்துவிட்டால், அடையாளத்தை மறைக்க எடுத்த முயற்சிகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் வீணாகிவிடும். ஆகவே தனியாகக் காத்திருக்க அறை உண்டா, எந்த வாசல் வழியாக வரலாம், பெயர் சொல்லாமல் அழைப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ள சாட்சிகளுக்குத் தனிச் சாட்சிய மையங்கள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-லும் 2022-லும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் நீதிமன்ற வளாகத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால் அங்கேயே சாட்சியத்தைப் பதிவு செய்யும்படி கோரலாம்.

அவளுடன் யார் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நீங்களும் இந்த வழக்கில் சாட்சியாக இருந்தால், அவள் பேசும்போது நீங்கள் உள்ளே இருப்பதை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கக்கூடும். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குழந்தையின் சம்மதத்தோடு, வழக்கு முடியும்வரை துணையிருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். அதற்கான பட்டியல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்க வேண்டும். இதுவரை யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் நாளையே அங்கே மனு கொடுங்கள். சாட்சி நாளன்றுதான் முதல்முறையாக முகம் பார்க்கும் ஒருவரால் எந்தக் குழந்தைக்கும் தைரியம் வராது. குறைந்தது இரண்டு மூன்று முறையாவது அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பேசியிருக்க வேண்டும், முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் காலியான நீதிமன்ற அறையைக் காட்டிக் கூட்டிவந்திருக்க வேண்டும்.

மகளிடம் நீங்கள் சொல்லிவைக்க வேண்டியவை சிலவே. கேள்வி புரியவில்லை என்றால் ‘புரியவில்லை’ என்று சொல்லலாம்; ஞாபகம் இல்லை என்றால் ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லலாம்; அழுகை வந்தால் அழலாம்; தண்ணீர் கேட்கலாம். அவள் நன்றாகச் சொன்னாளா என்று அன்று மாலை வீட்டில் யாரும் விசாரிக்க வேண்டாம்.

கேள்வி: அரசு தரும் இழப்பீட்டுத் தொகையை வாங்கினால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தம், வழக்கு பலவீனமாகிவிடும் என்று ஊரில் பேசுகிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை. எதிரியின் தரப்பு ரகசியமாகத் தரும் பணம் வேறு, சட்டப்படி அரசு தரும் இழப்பீடு வேறு. முன்னது குற்றத்தை மறைக்கும் முயற்சி. பின்னது புதிய நடைமுறைச் சட்டத்தின் 396-ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் உரிமை; எதிரி பிடிபடாவிட்டாலும், யார் என்றே தெரியாவிட்டாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரடியாக மனு செய்யலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம் பாலியல் வன்புணர்வுக்கு ரூ.4 லட்சம் முதல் ரூ.7 லட்சம் வரை என்று வரம்பு வகுத்திருக்கிறது. போக்சோ வழக்குகளில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். சிகிச்சைக்கும், வீடு மாறுவதற்கும், நின்றுபோன படிப்பைத் தொடர்வதற்கும் பணம் தேவைப்படுவது வழக்கின் தொடக்கத்தில்தான் என்பதால், முதலில் இடைக்கால மனுவைப் போடுங்கள்.

கேள்வி: எனக்கு நடந்ததை ஒரு வருடத்துக்கும் மேல் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது புகார் கொடுக்க நினைக்கிறேன். ஆனால் தேதி சரியாக நினைவில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் குழப்பமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நான் கத்தவில்லை, தள்ளிவிடவும் இல்லை. என்னை நம்புவார்களா?

பேரதிர்ச்சியில் உடல் எதிர்த்துப் போராடும், அல்லது ஓடும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு: உடல் அப்படியே உறைந்துபோவது. கை அசையாது, குரல் எழாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் இது மிகப் பரவலாகக் காணப்படுவது. அதைச் சம்மதமாகக் கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. நினைவும் அப்படித்தான். உயிர்ப் பயத்தின் நடுவில் மூளை நாட்காட்டியைப் பார்த்துப் பதிவு செய்வதில்லை. மேலே ஓடிய மின்விசிறியின் சத்தம், சுவரில் இருந்த கறை, ஒரு வாசனை ஆகியவை அழியாமல் நிற்கும். கிழமையும் நேரமும் வரிசையும் நழுவிவிடும். இது பொய்யின் அடையாளம் இல்லை என்பதைக் காவல் துறையிலும் நீதித் துறையிலும் பலர் இன்று அறிந்திருக்கிறார்கள். எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

சட்ட நிலை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குப் புகார் செய்யக் காலவரம்பு கிடையாது. வன்புணர்வு அந்த வகையைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ தண்டனை உள்ள சில பாலியல் தொந்தரவுக் குற்றங்களுக்கு மட்டும் வரம்பு உண்டு என்பதால் நாளைக் கடத்தாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகப் பாலியல் குற்றப் புகாரைச் சந்தேகிக்கக்கூடாது, குடும்ப மானம் முதலான தயக்கங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பஞ்சாப் அரசுக்கும் குர்மித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தாமதம் இருக்கலாம், ஆனால் விளக்கம் இல்லாமல் இருக்கக்கூடாது. ஆகவே ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, யாருக்குப் பயந்தீர்கள், இப்போது சொல்லத் துணிய வைத்தது எது என்பதைப் புகாரிலேயே இரண்டு வரிகளில் எழுதிவிடுங்கள். தேதி தெரியாத இடத்தில் ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். ‘ஆடி மாதம், பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து’ என்பதுபோல உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நிலைய எழுத்தர் ஒழுங்குக்காக ஒரு தேதியைச் சேர்க்க முற்பட்டால் மறுத்துவிடுங்கள். பின்னாளில் உங்களைப் பொய்யராகக் காட்ட அந்த ஒரு தேதியே போதும்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; எல்லை தங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அலுவலருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. நேராகக் காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்து, உங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் உள்ள ஆலோசகரிடம் முதலில் பேசலாம். நீங்கள் வயது வந்தவர் என்பதால் புகார் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் முடிவு. கொடுக்கவில்லை என்றாலும் மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்குக் காது கேட்காது, பேசவும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு நடந்த கொடுமையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனால், ‘அவர் சொல்வது யாருக்கும் புரியவில்லை, விளக்கிச் சொல்ல ஆளோடு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். நானே மொழிபெயர்க்கலாமா?

ஆளைத் தேடிக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு அல்ல. மாற்றுத்திறனாளி ஒருவர் இத்தகைய குற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லும்போது, அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சைகை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில், காணொலியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு காவல் துறைக்குக் கட்டளையிடுகிறது. 183-ஆவது பிரிவின்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் அவர் தரும் வாக்குமூலமும் காணொலியாகப் பதிவாகும். அதையே நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு முன் நடக்கும் முதல் விசாரணைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளலாம் என்பதால், அவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அக்கா பள்ளிக்குப் போகாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரம் முக்கியமானது. அவர் பயன்படுத்துவது பள்ளிகளில் கற்பிக்கப்படும் இந்தியச் சைகை மொழி அல்ல, உங்கள் வீட்டுக்குள் உருவான சைகைகள். புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது தழும்புள்ள இன்னார் என்று உங்கள் குடும்பத்துக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. அதற்காக நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்துவிட்டால், ‘தம்பி தன் கதையை அக்கா வாயில் போட்டுவிட்டார்’ என்ற வாதத்துக்கு வழி திறந்துவிடுவீர்கள். நடைமுறையில் பலன் தருவது இதுதான்: மொழிபெயர்ப்பாளர் வாக்குமூல நாளுக்கு முன்பே அக்காவோடு போதுமான நேரம் செலவிட்டு, அவருடைய சைகைகளைப் பழகிக்கொள்ள வேண்டும். வீட்டில் எந்தச் சைகை எதைக் குறிக்கும் என்பதை நீங்களோ, சம்பவத்தோடு தொடர்பில்லாத ஓர் உறவினரோ பட்டியலாக எழுதித் தரலாம். வழக்கைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தையும் இருக்கக்கூடாது.

அவர் சாட்சியம் மட்டமானது என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். ஆந்திராவைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் குற்றவாளியைக் குரலைக் கொண்டு அடையாளம் காட்டிய பட்டான் ஜமால் வலி வழக்கில், உடல் குறைபாடு இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய சாட்சியத்தைப் பலவீனமானதாகக் கருதக்கூடாது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையம் மீண்டும் மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு நகல் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பக்கத்துத் தெருப் பெண் தொடர்பான எஃப்.ஐ.ஆர். நகலை ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அனுதாபத்தில்தான் பகிர்ந்தேன் என்கிறார். தவறா?

தவறுதான், அனுதாபம் அதற்கு விலக்கு அளிக்காது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் சேரும். இதில் தமிழ்நாட்டுக்குக் கசப்பான முன்னனுபவம் உண்டு. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளியிடப்பட்டதற்காக ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்முறை வழக்கிலும் எஃப்.ஐ.ஆர். கசிந்து, அதே அளவு தொகையை இடைக்காலமாக வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது.

மறைவாக இருக்க முடியும் என்ற உறுதி பின்னர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே பொள்ளாச்சி வழக்கே சான்று. அந்த வழக்கில் சாட்சிகளில் ஒருவர்கூடத் தான் முன்பு சொன்னதிலிருந்து பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. குழுவிலிருந்து அந்த நகலை உடனே நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரையும் நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு, அதற்கான சான்றிதழும் இருக்கிறது. தெருவில் நடந்த ஒரு திருட்டு தொடர்பாக அவனை நிலையத்துக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். யார் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று தலையாட்டுவது அவன் வழக்கம். இனி என்ன செய்வது?

நம் எல்லோருடைய அனுதாபமும் பாதிக்கப்பட்டவர் பக்கமே போய்விடுவதால், எதிரியாக நிறுத்தப்படும் பலவீனமானவர்களைப் பற்றி இந்தப் பகுதிக்குக் கேள்வியே வருவதில்லை. எழுதியதற்கு நன்றி.

உங்கள் மகன் ‘ஆமாம்’ என்று சொல்வது ஒப்புதல் அல்ல. எதிரே இருப்பவர் கோபப்படாமல் இருக்க வேண்டும், அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்வது. ‘நீதானே எடுத்தாய்?’ என்று கேட்டாலும் ‘ஆமாம்’, ‘நீ எடுக்கவில்லைதானே?’ என்று கேட்டாலும் ‘ஆமாம்’ என்றே பதில் வரும். இதை நடுவர் தன் கண்ணால் பார்க்கும்படி செய்வதுதான் எந்த வாதத்தையும்விட வலுவானது. அவனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் அல்லது சிறப்புக் கல்வியாளரிடமிருந்து இந்த இயல்பை விவரிக்கும் கடிதம் ஒன்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் அலுவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஏதாவது ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சான்றாக உள்ளே வரும். எதையாவது காட்டச் சொல்லி அவனை எங்கேயாவது அழைத்துப் போனார்களா, காகிதங்களில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினார்களா என்பதை நிதானமாக, திறந்த கேள்விகளாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் ‘அடித்தார்களா?’ என்று கேட்டால் அதற்கும் அவன் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வான். உடம்பைப் பாருங்கள், காயம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள்.

அடுத்து, சான்றிதழ் நகலை இணைத்து நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்குங்கள். சாட்சி என்ற முறையில் விசாரிப்பதானால், மாற்றுத்திறனாளியை அவர் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு. சந்தேக நபர் என்றால், சாதாரணத் திருட்டு ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்பதால், பொதுவாகக் கைதுக்குப் பதில் அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கும் தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க 38-ஆவது பிரிவு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் வைக்க நடுவரிடம் உத்தரவு கேட்கும் முதல் ரிமாண்டின்போதே குறைபாட்டை நடுவரிடம் சொல்லிவிட வேண்டும். அன்று சொல்லாமல் விட்டு, பின்னால் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும்போது சொன்னால் தப்பிக்கத் தேடிய வழிபோலத் தோன்றும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள்.

கேள்வி: மகளிர் காவல் நிலையம் ஒன்றில் உதவி ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். வாக்குமூலம் வாங்கும் முறை பயிற்சியில் ஒரு நாள் வகுப்பாக முடிந்துவிட்டது. குழந்தைகள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தொடங்குவது? இன்னொன்று, வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இதை மேலதிகாரியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சீருடை இல்லாமல் போங்கள். போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மேசைக்கு எதிர்ப்புறம் உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள், நடுவில் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். சம்பவத்துக்கு வரும் முன், அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றி அவளே நீளமாகச் சொல்லும்படி விடுங்கள். நீங்கள் குறுக்கிடாமல் கேட்பவர் என்பது அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ‘என்ன நடந்தது?’, ‘அப்புறம்?’ என்ற இரண்டையும் விட நல்ல கேள்விகள் இல்லை. ‘ஏன் அங்கே போனாய்?’, ‘ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?’ என்று தொடங்கும் எதுவும் குற்றச்சாட்டாகவே அவள் காதில் விழும். மௌனம் வந்தால் இட்டு நிரப்பாதீர்கள்.

எழுதும்போது அவள் சொன்ன சொற்களையே எழுதுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘அந்த மாமா கதவைச் சாத்திட்டாரு’ என்று எட்டு வயதுக் குழந்தை சொன்னது, நிலையத் தமிழில் ‘மேற்படி எதிரியானவர் தீய எண்ணத்துடன் கதவைத் தாழிட்டு’ என்று மாறிவிடுகிறது. ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில், ‘தீய எண்ணத்துடன் என்று காவல் துறையிடம் சொன்னாயா?’ என்று கேட்டால் குழந்தை உண்மையாகவே ‘இல்லை’ என்கிறது. அது முரண்பாடாகப் பதிவாகிறது. தாழ்ப்பாள் போட்டாரா, வெறுமனே சாத்தினாரா என்பதிலும் இதே கதைதான். குழந்தை மாறிச் சொல்லவில்லை; எழுதியவர் மாற்றி எழுதியதற்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பிறருடைய பேரதிர்ச்சியைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கும் அதே அறிகுறிகள் வரும் என்பது மருத்துவம் அறிந்த ஒன்று. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தொடர்ந்து பல நாட்கள் ஒருவரே இத்தகைய வாக்குமூலங்களை வாங்காதபடி பணியைப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். மேலதிகாரியிடம் ‘மனசு சரியில்லை’ என்று தொடங்குவது கடினமாக இருந்தால், வாக்குமூலத்தின் தரம் குறைகிறது என்று தொடங்குங்கள், அதுவும் உண்மைதான். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பெயர் சொல்லாமலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

வாக்குமூலம் வாங்கி முடித்ததும் ஒன்றைச் செய்யுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு. அந்தக் கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல், அடுத்து எப்போது அழைப்பீர்கள் என்று ஒரு தேதியைக் குடும்பத்திடம் சொல்லி, வழக்கில் முன்னேற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் அழைத்து அதைச் சொல்லுங்கள். அதுவரை, எதிரியின் தரப்பிலிருந்து யார் வந்து பேசினாலும் எந்த எண்ணில் உங்களை அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.